முதல் ஆட்டம் சைபர்

பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன் நான். சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அதைவிடப் பத்திரமாக ஒரு பழக்கமும் இருக்கிறது. பேச்சு எங்கே போனாலும் "அறிவியல்பூர்வமா பார்த்தா..." என்று நடுவில் நுழைந்துவிடுவேன். வாஸ்து பார்க்கிறவர், பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்ட நண்பர், பல்லி விழுந்த பலனைப் பஞ்சாங்கத்தில் தேடும் பெரியப்பா என்று ஒருவரையும் விட்டுவைத்ததில்லை. "இது தப்புன்னா எப்படித் தெரியும், அதைச் சொல்லுங்க முதல்ல" என்று மடக்குவது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. சமீபகாலமாக அதே கேள்வியை வீட்டில் இருப்பவர்கள் என்னிடம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பதில் தேடிப் பின்னோக்கிப் போனதில் கண்ணில் பட்டவை பெருமைப்படும்படி இல்லை. பல்லி விஷயத்தில் பெரியப்பா என்னைவிட நேர்மையானவர். அவர் அதை அறிவியல் என்று சொன்னதே இல்லை.

எல்லாம் கல்லூரி முதலாண்டு லேபில் ஆரம்பித்தது. தனி ஊசல் சோதனை. கார்க்கை இரண்டாகப் பிளந்து நடுவில் நூலைச் செருகி, நுனியில் பித்தளைக் குண்டைத் தொங்கவிட்டு, லேசாக ஒரு பக்கம் இழுத்து விட வேண்டும். 20 அலைவுக்கு எத்தனை வினாடி என்று ஸ்டாப் கிளாக்கில் பார்த்துக் குறிக்க வேண்டும். நீளத்தை அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்து, 39.48-ஆல் பெருக்கினால் புவியீர்ப்பு முடுக்கம். நாங்கள் 'ஜி' என்போம். புத்தகத்தில் 980 என்று இருந்தது. எனக்கு வந்தது 1085.

நூலின் நீளத்தைக் குறைத்துப் பார்த்தேன். 1085 பக்கம்தான் வந்தது. கூட்டிப் பார்த்தேன். அப்போதும் அப்படியே. இன்றைக்கு யோசித்தால், அந்த இடத்தில் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கை நடுங்கியோ கண் தவறியோ வரும் பிழை ஒரு தடவை கூட்டும், ஒரு தடவை குறைக்கும். ஒரே பக்கமாக, ஒரே அளவாகத் தவறுகிற பிழைக்கு எங்கோ ஒரு காரணம் உட்கார்ந்திருக்கிறது. தேடினால் அகப்படும். நான் தேடவில்லை. 980-ஐ வைத்துக்கொண்டு தலைகீழாகக் கணக்குப் போட்டேன். 100 செ.மீ. நீளத்துக்கு 20 அலைவு என்றால் 40.1 வினாடி வந்திருக்க வேண்டும். சரி, வந்தது என்று எழுதினேன். எல்லா ரீடிங்கும் ஒழுங்காக இருந்தால் சாருக்குச் சந்தேகம் வருமே என்று அங்கங்கே ஒரு புள்ளியை முன்னே பின்னே தள்ளினேன். இதை எங்கள் வகுப்பில் 'குக் பண்றது' என்பார்கள். வெந்நீர்கூட வைக்கத் தெரியாத பையன்களும் இந்தச் சமையலில் தேர்ந்திருந்தார்கள். என் முடிவு 979.6. சார் பார்த்தார், "குட்" என்றார், கையெழுத்துப் போட்டார்.

கருவிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் லேப் அட்டெண்டர் சொன்னார்: "தம்பி, நீங்க எண்ணுறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். குண்டு நடுக்கோட்டைத் தாண்டுனதுமே ஒண்ணுன்னு ஆரம்பிச்சீங்க. அது சைபர். ஒரு ஆட்டம் ஆடி முடிச்சாத்தானே ஒண்ணு?"

நான் 20 என்று முடித்தபோது ஊசல் ஆடியிருந்தது 19 தடவை. அந்த ஒன்று குறைந்ததால் விடை ஏறத்தாழ 11 சதவீதம் ஏறிவிடும். 980 என்பது 1085 ஆவது அப்படித்தான். பிழை அவ்வளவு துல்லியமானது, அவ்வளவு எளிதாகத் திருத்தக்கூடியது. எங்கள் லேபில் அன்று நடந்த ஒரே அறிவியல் அவதானிப்பு, பத்தாவதுக்கு மேல் படிக்காத அந்த அட்டெண்டர் செய்தது. நான் "ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியாயிற்றே, இனி எதற்கு?

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. ரெக்கார்டு நோட்டின் கடைசி வரியில் 'இவ்விடத்தில் புவியீர்ப்பு முடுக்கம்' என்றுதான் எழுதுவோம். எவ்விடத்தில்? பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது, தன்னைத்தானே சுற்றவும் செய்கிறது. அதனால் ஜி ஊருக்கு ஊர் மாறும். நிலநடுக்கோட்டில் 978.03, துருவத்தில் 983.2. புத்தகங்களில் வரும் 980.665 என்னும் பொது மதிப்பு 45 டிகிரி அட்சரேகைப் பக்கத்துக்குப் பொருந்துவது. சென்னையில் கணக்குப்படி 978.3 அளவுதான். எங்கள் நூலும் குண்டும் அந்த வித்தியாசத்தைக் காட்டும் துல்லியம் கொண்டவை அல்ல என்பது வேறு விஷயம். ஆனால் நான் பொய் சொல்லி எட்டிப்பிடித்த விடையும் எங்கள் ஊருடையது அல்ல. சென்னையில் ஊசலின் நீளத்தை ஒழுங்காக அளந்த ஒருவர் இருந்தார். சென்னை வானாய்வகத்தில் இருந்த ஜான் கோல்டிங்ஹாம். அவருடைய கட்டுரை 1822-லேயே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்துவிட்டது.

ஊருக்கு ஊர் மாறும் என்பதே எப்படித் தெரிந்தது என்று பிற்பாடு படித்தபோது எனக்கு முகம் சுருங்கியது. 1672-ல் பாரிஸ் அறிவியல் கழகம் ழான் ரிஷே என்பவரைத் தென் அமெரிக்காவின் கயென் என்னும் இடத்துக்கு அனுப்பியது. நிலநடுக்கோட்டுக்கு 5 டிகிரி வடக்கே இருக்கிற ஊர். போன வேலை செவ்வாய்க் கிரகத்தைப் பார்ப்பது. கூட எடுத்துப்போன ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் மெதுவாக ஓடியது. பாரிஸில் சரியாக ஓடிய கடிகாரம். ரிஷேவுக்கும் 'குக் பண்ண' எல்லா வசதியும் இருந்தது. கடல் பயணத்தில் கடிகாரம் கெட்டுவிட்டது என்று எழுதிவிட்டு, ஊசலைத் திருகிச் சரிசெய்துகொண்டு, செவ்வாயைப் பார்க்கப் போயிருக்கலாம். பாரிஸில் யார் கேட்கப் போகிறார்கள்? அவர் மாதக்கணக்கில் வாரந்தோறும் அளந்து, ஒரு வினாடி காட்டும் ஊசலைக் கயெனில் சுமார் 2.8 மில்லிமீட்டர் குறைக்க வேண்டியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு வந்தார்.

அந்த 2.8 மில்லிமீட்டரை நியூட்டன் எடுத்துக்கொண்டார். 1687-ல் வந்த 'பிரின்சிபியா'வில், பூமி துருவங்களில் தட்டையாக இருக்க வேண்டும் என்ற தன் வாதத்துக்கு இதைச் சாட்சியாக நிறுத்தினார். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு அவர் செய்தது. வெப்பமான ஊரில் இரும்புக் கம்பி நீளும், அதனால்கூட ஊசல் மெதுவாகலாமே என்று தானே தனக்கு எதிராக ஒரு வாதத்தை எழுப்பினார். வெயிலால் எவ்வளவு நீளும் என்று கணக்குப் பார்த்து, அது போதாது என்று காட்டினார். எதிராளி வருவதற்கு முன்பே எதிராளியின் வேலையையும் பார்த்து முடித்துவிட்டார். பாரிஸில் ழாக் காசினி பூமி அதற்கு நேர்மாறாகத் துருவப் பக்கம் நீண்டது என்றார். சண்டையைத் தீர்க்க வழி இருந்தது. நியூட்டன் சரியென்றால் ஒரு டிகிரி அட்சரேகையின் தூரம் வடக்கே போகப் போகக் கூட வேண்டும், காசினி சரியென்றால் குறைய வேண்டும். 1736-ல் மொப்பெர்துய் தலைமையில் ஒரு குழு லாப்லாந்தின் பனிக்குள் போய் அளந்துவிட்டு வந்தது. கூடியது. பிரெஞ்சுக்காரர்கள் போய் அளந்து ஆங்கிலேயர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டு வந்தார்கள்.

ஒரு ரீடிங் ஒத்துவரவில்லை என்றால் அது எப்போதும் ரிஷேவின் ரீடிங்தான் என்று நினைத்துவிடக் கூடாது. 2011-ல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில் வந்து சேர்ந்த நியூட்ரினோக்கள், ஒளியைவிட 60 நானோ வினாடி முன்னதாக வந்ததாகக் கருவிகள் காட்டின. ஐன்ஸ்டைனுக்கே ஆபத்து. அந்தக் குழு மாதக்கணக்கில் பிழையைத் தேடிப் பார்த்து, அகப்படாமல், 'எங்களுக்கு இப்படி வருகிறது, யாராவது தப்பைக் கண்டுபிடியுங்கள்' என்று உலகத்துக்கு முன்னால் வைத்தது. அடுத்த ஆண்டு தெரிந்தது, ஓர் ஒளியிழைக் கேபிள் சரியாகச் செருகப்படாமல் இருந்தது. நாளிதழ்கள் கேலி செய்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரிஷேவின் விசித்திர எண்ணுக்குப் பின்னால் பூமியின் வடிவம் இருந்தது. அவர்களுடைய விசித்திர எண்ணுக்குப் பின்னால் லூஸ் கேபிள் இருந்தது. என்னுடையதற்குப் பின்னால் சைபருக்குப் பதில் ஒன்று இருந்தது. எண் வந்த நேரத்தில் எது எது என்று யாருக்கும் தெரியாது. மூன்றில் அழிக்கப்பட்டது என்னுடையது மட்டும்தான்.

எனக்கு ஆறுதல் தந்தவர் இயற்பியலாளர் ஃபைன்மன். 1974-ல் கால்டெக் பட்டமளிப்பு விழாவில் அவர் ஒரு கதை சொன்னார். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகளால் அளந்த மில்லிகன், காற்றின் பாகுநிலைக்குத் தவறான எண்ணை எடுத்ததால், கொஞ்சம் குறைவான விடையைக் கொடுத்துவிட்டார். பிறகு அளந்தவர்கள் சரியான விடைக்கு ஒரே தாவலில் போகவில்லை. ஒவ்வொருவரும் முந்தையவரைவிடக் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் கூட்டி, மெல்ல மேலே ஏறினார்கள். மில்லிகனை விட்டு ரொம்ப விலகினால், எங்கோ தப்பு என்று தேடினார்கள். பக்கத்தில் வந்தால் தேடவில்லை. ஆக, பெரிய லேப்களிலும் எங்கள் வகுப்புப் பையன்கள் இருந்திருக்கிறார்கள்.

அடுத்தது கோட்பாடு. ரீடிங்கில் பொய் சொன்னவன் கோட்பாட்டில் சும்மா இருப்பானா?

மகன் பிளஸ் டூ படித்த காலத்தில் என்னிடம் ஒரு பேரண்டக் கோட்பாடு இருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் செல்போன். மார்க் குறைந்தால் செல்போன். தூக்கம் வரவில்லையென்றால் செல்போன். விடிந்தும் தூங்கினால் ராத்திரி பார்த்த செல்போன். ஒரு ரிவிஷன் தேர்வில் கணக்கில் வகுப்பிலேயே முதலாக வந்தான். "போன் இல்லேன்னா சென்டம் வாங்கியிருப்பே" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அப்பா, நான் என்ன பண்ணினா உங்க தியரி தப்புன்னு ஒத்துப்பீங்க?" என்றான். நான் பெரியப்பாவிடம் கேட்கும் அதே கேள்வி. "முதல்ல போனைக் கீழ வை" என்றேன்.

இதே நிலைமை 1919-ல் வியன்னாவில் கார்ல் பாப்பர் என்ற பதின்வயதுப் பையனுக்கு வந்தது. உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லரிடம் ஒரு குழந்தையின் நடத்தையைப் பற்றிச் சொன்னார், ஆட்லரின் கோட்பாட்டுக்குப் பொருந்தாததாகப் பட்ட நடத்தை. ஆட்லர் குழந்தையைப் பார்க்காமலேயே, தாழ்வு மனப்பான்மைதான் என்று தடையில்லாமல் விளக்கிவிட்டார். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ஆயிரம் பேரைப் பார்த்த அனுபவம் என்றார். இப்போது அது ஆயிரத்தொன்றாகிவிட்டது போலும் என்று பாப்பர் சொன்னாராம். அதே ஆண்டு மே 29 அன்று சூரிய கிரகணம். சூரியனை உரசி வரும் நட்சத்திர ஒளி 1.75 வில்வினாடி வளையும் என்பது ஐன்ஸ்டைனின் கணக்கு, பழைய இயற்பியலின்படி அதில் பாதிதான். அதை அளக்க வானியலாளர் எடிங்டன் ஆப்பிரிக்கக் கரையோரத்துப் பிரின்சிபே தீவுக்குப் போனார். இன்னொரு குழு பிரேசிலின் சோப்ராலுக்குப் போனது. கிடைத்தது ஐன்ஸ்டைன் பக்கம். பாப்பரை அசைத்தது அவர் ஜெயித்தது அல்ல, தோற்கத் துணிந்தது. எண் வேறாக வந்திருந்தால் கோட்பாடு அங்கேயே படுத்திருக்கும். ஆட்லரின் கோட்பாடு எந்தக் குழந்தை என்ன செய்தாலும் படுக்காது. என்னுடைய செல்போன் கோட்பாடும்தான்.

மகனிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அவன் கையில் ஆயுதம் கொடுப்பானேன்.

ஆனால் மனைவியிடம் வேறொரு கதையை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர், இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காபி விஷயத்தில் நான் ஒரு நிபுணன் என்று எனக்கு எண்ணம். ஒரு வாய் குடித்தாலே சிக்கரி கலந்த தூளா, கலக்காததா என்று சொல்லிவிடுவேன். உறவுக்காரர் வீடுகளில் சொல்லிப் பலரை அவமானப்படுத்தியும் இருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பெருமையோடு சேர்த்து, இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் நடந்த கதையையும் அவிழ்த்துவிட்டேன்.

அங்கே 1920-களில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானி, டீயில் முதலில் பாலை ஊற்றினார்களா டிகாக்ஷனை ஊற்றினார்களா என்று தன்னால் சொல்ல முடியும் என்றார். பக்கத்தில் இருந்தவர் ரொனால்ட் ஃபிஷர், புள்ளியியலின் பெருந்தலை. அவர் வாக்குவாதம் செய்யவில்லை, சோதனைக்கு ஏற்பாடு செய்தார். 8 கோப்பை. 4 இப்படி, 4 அப்படி. எது எது என்பது அந்த அம்மையாருக்குத் தெரியாது, வரிசை குலுக்கல் முறையில். 8-ல் 4-ஐத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. குருட்டாம்போக்கில் நான்கையும் சரியாகச் சொல்ல 70-ல் ஒரு வாய்ப்பு. எனவே நான்கும் சரியென்றால் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்று தவறினாலும் போதாது, ஏனென்றால் மூன்றோ அதற்கு மேலோ சரியாக வர 70-ல் 17 வாய்ப்பு. 1935-ல் வந்த சோதனை வடிவமைப்பு பற்றிய தன் புத்தகத்தில் ஃபிஷர் இதை விரிவாக எழுதினார். அந்த அம்மையார் தேறினாரா இல்லையா என்பதை மட்டும் எழுதவில்லை.

சொல்லி முடித்து நிமிர்ந்தால் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். வீட்டில் இருந்தது சிக்கரி கலந்த தூள். கலக்காததை மகன் கடையிலிருந்து வாங்கி வந்தான். இரண்டு ஃபில்டர். எட்டு டம்ளர். அடியில் பென்சிலால் நம்பர். வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தது மகன். டம்ளரைக் கொண்டுவந்து வைத்தது மனைவி, எதில் எது என்று அவளுக்கும் தெரியாது. "எனக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியைப் பார்த்தே சொல்லிடுவீங்க" என்றாள். (பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டுக் குளம்பைத் தட்டி விடை சொன்னதை ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் இப்படித்தான் உடைத்தார். கேட்பவருக்கு விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. அது கணக்கைப் படிக்கவில்லை, முகத்தைப் படித்தது. இந்த உதாரணத்தை மனைவி சொல்லவில்லை, நானே வலியப் போய்ச் சேர்த்துக்கொள்கிறேன்.)

குடித்தேன். கண்ணை மூடி, நாக்கில் உருட்டி, ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு சொன்னேன். பாதிக்குப் பாதி சரி. கணக்கு டீச்சர் உடனே சொன்னாள்: ஒன்றுமே தெரியாதவன் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தால் அதிகமாக வரக்கூடிய விடை இதுதான், 70-ல் 36 வழி.

அதற்கப்புறம் நான் சொன்னவை: மூன்று நாளாகச் சளி. கடைசி டம்ளர்கள் ஆறிவிட்டன. சர்க்கரை போட்டது தப்பு. பால் தண்ணிப் பால். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் நியாயமான காரணம்தாங்க. குடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா எழுதி வச்சிருப்பேன்" என்றாள்.

கல்லூரியில் மூன்று வருஷம் படித்துப் புரியாதது இந்த ஒரு வாக்கியத்தில் புரிந்தது. சாக்கு எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். முடிவு தெரிந்த பிறகு பிறந்த சாக்கு என்பதுதான் அதன் குறை. இன்று மருத்துவ ஆய்வுகளில், யாரிடம் எதை அளக்கப் போகிறோம், எது வந்தால் மருந்து தோற்றது என்று அர்த்தம் என்பதை முன்னாலேயே பொதுப் பதிவேட்டில் எழுதச் சொல்கிறார்கள். நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது உண்மை மருந்து, எது வெறும் மாத்திரை என்று தெரியாமல் வைக்கிறார்கள். நான் இவற்றையெல்லாம் பெரிய மனிதர்களின் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு விதியும் என்னைப் போன்ற ஆள் உள்ளே வருவான் என்று எதிர்பார்த்துப் போட்டது. ஆய்வாளன் யோக்கியன் என்ற நம்பிக்கையில் அறிவியல் ஓடவில்லை. அவன் தன்னையே ஏமாற்றிக்கொள்வான், பக்கத்தில் இருப்பவனை வைத்துப் பிடிக்க வேண்டும் என்ற சந்தேகத்தில்தான் ஓடுகிறது.

இட்லி மாவு கதையைச் சொல்லாமல் விட்டால் மனைவி கோபித்துக்கொள்வாள். அயோடின் கலந்த தூள் உப்பு போட்டால் மாவு பொங்காது, கல்லுப்பு போட்டால்தான் பொங்கும் என்று நான் உறுதியாக இருந்தேன். கல்லுப்பு போட்டுப் பொங்கிய நாளெல்லாம் நினைவிருந்தது. லண்டனில் உளவியலாளர் பீட்டர் வேசன் 1960-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. 2, 4, 6 என்ற வரிசை ஒரு விதிக்கு உட்பட்டது, வேறு மூன்றெண் வரிசைகளைச் சொல்லி விதியைக் கண்டுபிடி என்பார். ஆட்கள் 8, 10, 12 என்பார்கள். சரி என்பார். 20, 22, 24? சரி. இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று தீர்ப்பு சொல்வார்கள். தப்பு. விதி, ஏறுவரிசை அவ்வளவுதான். 1, 2, 50 என்று தன் எண்ணத்துக்கு எதிராக ஒன்றைச் சொல்லிப் பார்த்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். நானும் கல்லுப்பு, கல்லுப்பு, கல்லுப்பு என்றே கேட்டுக்கொண்டிருந்தவன்.

பிறகு சித்திரையில் தூள் உப்பு மாவு பொங்கியது. "வெயில்" என்றேன். மார்கழியில் கல்லுப்பு மாவு பொங்கவில்லை. "குளிர்" என்றேன். மனைவி கேட்டாள்: "அப்ப வெயில்தானே காரணம்? நடுவுல உப்பு எதுக்கு?"

என் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். ஒத்துவராத ஒன்று வந்ததுமே கோட்பாட்டைத் தூக்கிப் போட வேண்டுமென்றால் என் 1085 அன்றைக்கே நியூட்டனைக் கவிழ்த்திருக்கும். யுரேனஸ் கணக்குப்படி ஓடாதபோது வானியலாளர் லெவெரியே நியூட்டனைக் கைவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கிரகம் இழுக்கிறது என்று சாக்குச் சொன்னார். ஆனால் சாக்கோடு முகவரியும் கொடுத்தார். 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லினில் கால்லே அந்த இடத்தில் தொலைநோக்கியைத் திருப்பினார், ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது. அந்தத் தெம்பில் லெவெரியே, புதன் கிரகத்தின் தடுமாற்றத்துக்கும் அதே மருந்தைக் கொடுத்தார். சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு கிரகம். வல்கன் என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. பல வருஷம் தேடினார்கள், இல்லை. நூற்றாண்டுக்கு 43 வில்வினாடி என்ற அந்தச் சிறு கணக்குப் பாக்கியை 1915-ல் ஐன்ஸ்டைன் வந்துதான் தீர்த்தார், புதுக் கிரகம் இல்லாமல், ஈர்ப்பின் கோட்பாட்டையே மாற்றி. ஒரே ஆள், ஒரே உத்தி, ஒருமுறை மகுடம், ஒருமுறை மண். இரண்டு தடவையும் அவர் செய்தது அறிவியல்தான், ஏனென்றால் எங்கே பார்த்தால் தன் குட்டு வெளிப்படும் என்று இரண்டு தடவையும் சொன்னார். என் 'வெயில்', 'குளிர்' இரண்டுக்கும் அப்படி முகவரி எதுவும் கிடையாது.

முகவரியை மனைவி கண்டுபிடித்தாள். ஒரே மாவை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் கல்லுப்பு, ஒன்றில் அதே எடைக்குத் தூள் உப்பு. ஒரே மாதிரி பாத்திரம், ஒரே மேடை, ஒரே ராத்திரி. விடிந்து பார்த்தால் இரண்டும் பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. மாவைப் பொங்க வைப்பது லியூகோநாஸ்டாக் வகையைச் சேர்ந்த பாக்டீரியாக்கள், அவற்றுக்கு வெதுவெதுப்பு வேண்டும். உப்புக் கடையைப் பற்றி அவற்றுக்குக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை. மேடையைத் துடைத்துக்கொண்டே நான், ஒரே ஒரு ராத்திரிச் சோதனையை வைத்து முடிவுக்கு வரக் கூடாது, இன்னும் பல தடவை செய்து பார்க்க வேண்டும் என்றேன். சொன்னது முழுக்கச் சரி. கல்லுப்பு ஜெயித்த நாட்களில் இந்தக் கறார்த்தனம் எனக்கு ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. சிரித்தாள், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, இது இன்னும் முடியாத விவகாரம். மகன் சிறுவனாக இருந்தபோது கடற்கரையில் நின்று, "கடல் ஏம்ப்பா நீலம்?" என்று கேட்டான். "வானத்தோட நிழல் தெரியுதுப்பா" என்றேன். இயற்பியல் பட்டதாரி. ராமன் விளைவுக்குத் தேர்வில் பக்கம் பக்கமாக விடை எழுதியவன். அந்தக் கதையே எங்கிருந்து தொடங்கியது என்று அப்போது எனக்கு நினைவு வரவில்லை. 1921-ல் இங்கிலாந்திலிருந்து 'நார்குண்டா' கப்பலில் திரும்பியபோது சி.வி. ராமன் இதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். கடல் நீலம் என்பது வானத்தின் பிரதிபலிப்பு என்று சொல்லியிருந்தவர் ராலே பிரபு, வானத்தின் நீலத்தையே விளக்கிய மேதை. திருச்சியில் பிறந்த ராமன் கையில் ஒரு நிக்கோல் பட்டகம் வைத்திருந்தார், ஒளியின் ஒரு தளத்தை மட்டும் விடும் சின்னக் கல். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியை, சரியான கோணத்தில் பார்த்தால், அதைத் திருப்பி அணைத்துவிடலாம். ராலே சரியென்றால் அணைத்ததும் நீலம் போக வேண்டும். போகவில்லை, இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கப்பலிலிருந்தே கட்டுரை எழுதினார். தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற அந்தத் தேடல்தான் கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவில் போய் முடிந்தது. 1930-ல் நோபல். ராமன் சொன்னதிலும் பிறகு திருத்தம் வந்தது. தண்ணீர் சிவப்பை உறிஞ்சிக்கொள்வதே அந்த நீலத்துக்குப் பெரிய காரணம் என்கிறார்கள் இன்று. வானத்தின் நிழல் மட்டும் திரும்பி வரவில்லை.

மகனுக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது, பக்கத்து மாநிலத்தில் இருக்கிறான். அவனிடம் நான் இன்னும் திருத்திச் சொல்லவில்லை. சொல்வதற்கு முன் நானே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை, எங்கள் ஊர்க் கடலோ எப்போதும் கலங்கல். தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்கள் போலராய்டு குளிர்கண்ணாடி ஒன்று எடுத்துப் போங்கள். காலடித் தண்ணீரையும் பார்க்காமல், தொடுவானத்தையும் பார்க்காமல், இரண்டுக்கும் இடையே சாய்வாகப் பாருங்கள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணுக்கு முன்னால் பிடித்து மெல்லத் திருப்புங்கள். பளபளப்பு மறைகிற நிலையில் நீலம் நிற்கிறதா போகிறதா என்று எனக்கு எழுதுங்கள். போய்விட்டது என்று எழுதினாலும் பிரசுரிக்கச் சொல்கிறேன்.